அழகுமுத்துவுக்குத் தமிழில் எழுதிய தாள்

அங்கம்மா கடைக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றபடி கண்ணாடிக் கதவில் இரண்டு விரலால் தட்டினாள். கொழும்பு வெள்ளவத்தையில் கலியாணக் கார்டும், இறந்தவர் நினைவுக்கான அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகமும் அச்சடிக்கிற கடை அது. உள்ளே ஜெகதீஸ்வரி யாரோ ஒரு பெண்ணின் பெயரைப் பெரிய எழுத்தில் வரைந்துகொண்டிருந்தாள். கடையின் எழுத்து வேலை முழுக்க அவளுடையது. கொம்பும் சுழியும் ஒன்றுக்கொன்று இடிக்காத உருண்டை எழுத்து.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்று கதவைத் திறந்து கேட்டாள்.

"ஜெகா அக்காங்கிறது நீங்கதானா?"

"ஓம்."

"நான் அழகுமுத்துவோட அக்கா, அங்கம்மா. தம்பிய நேத்து பொழுதுபட புடிச்சிட்டாங்க."

பஸ் வரவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஜெகதீஸ்வரிக்கு முதலில் எதுவும் ஏறவில்லை. நேற்றுப் பின்னேரம் ஐந்தரை வரைக்கும் அழகுமுத்து அவளுடன் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தவன்.

"ஆர் பிடிச்சது?"

"செக்பொயின்ட்ல. ஒங்க வெளயாட்டுத் தாளு ஒண்ணு பைக்குள்ள இருந்திருக்கு. அதுல தமிழ்ல என்னமோ எழுதி, அம்புக்குறியெல்லாம் போட்டிருக்காம். காலையில போனேன். ரெண்டு நிமிஷம் பாக்க விட்டாங்க. ஒங்கக்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னான்."

"என்ன?"

"அக்கா இங்க வர வேணாம், தாள நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன், அப்பிடின்னான்." அங்கம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "அவன் எழுத்து எனக்குத் தெரியும். கோழி கெளறின மாதிரி இருக்கும். அந்தத் தாள என்கிட்டயும் காட்டுனாங்க. அச்சடிச்ச மாதிரி இருந்திச்சு."

அவள் பார்வை மேசையிலிருந்த பெயர் எழுத்தில் போய் நின்றது.

"யாரு எழுதினதுன்னு நான் கேக்கல. கேக்க வேணாம்னுட்டான்," என்றாள். பிறகு, வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா தேடுவாள் என்று சொல்லிப் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஜெகதீஸ்வரி கதிரையில் உட்கார்ந்தாள். பேனா மூடி திறந்தபடி கிடந்தது. எடுத்து மூடினாள். மறுபடி திறந்தாள்.

சனிக்கிழமை காலை மணிலாவுக்கு விமானம். அன்றைக்கு வியாழன். ஆணும் பெண்ணும் சேர்ந்து பிளாஸ்டிக் தட்டெறிந்து ஆடுகிற பிரிஸ்பி ஆட்டத்துக்கு நாட்டின் பெயரில் போகிற பதினாலு பேரில் அவளும் ஒருத்தி, அழகுமுத்துவும் ஒருவன். பத்து மாதப் பயிற்சி. ஞாயிறில் நுகேகொடைப் பக்கம் ஒரு மைதானம். மற்ற நாட்களில், வேலை விட்டதும், தண்டவாளத்தைத் தாண்டி வெள்ளவத்தைக் கடற்கரை. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் இறங்குவார்கள். தட்டைக் கையில் பிடித்தவர் ஓடக்கூடாது. எதிராளி பத்து எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும். எதிர்க்கரைக் கோட்டுக்கு அப்பால் யாராவது பிடித்தால் ஒரு புள்ளி.

இந்த ஆட்டத்துக்கு மத்தியஸ்தர் கிடையாது. உலகப் போட்டியானாலும் கிடையாது. பிழை நடந்தால் ஆடுகிறவர்களே சொல்ல வேண்டும். அதுவும் உடனே சொல்ல வேண்டும். தட்டு அடுத்த கைக்குப் போன பிறகு சொன்னால் செல்லாது.

தாளை எழுதியது ஜெகதீஸ்வரிதான். ஆட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து யார் எங்கே ஓடுவது என்று ஒரே சொல்லில் கத்துகிறவள். ஆங்கிலத்தில் கத்தினால் எதிரணிக்கு விளங்கிவிடும். தமிழில் கத்தினால் தன் அணியிலேயே பாதிப் பேருக்கு விளங்காது. சிங்களமென்றால் அழகுமுத்து முழிப்பான். "பஸ் கொண்டக்டர் மாதிரி ஊர்ப் பேரைச் சொல்லுவமே," என்றவள் றஸ்மியா. தெமட்டகொடைக்காரி, மூன்று பஸ் மாறிப் பயிற்சிக்கு வருகிறவள். எல்லோரும் சிரித்தார்கள். அணியின் கப்டன் றேமண்ட் ஒரு காலை மணலில் தூக்கி மிதிபலகையில் தொங்குவதுபோல நின்று, "மருதானை, மருதானை, தெமட்டகொடை, நெகின்ன நெகின்ன" என்று சிங்களத்தில் ஏறச்சொல்லிக் கூவினான். மூன்று மொழிக்காரரும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சொல்லக்கூடிய சொற்கள் அவைதான். அன்றைக்கே முடிவாயிற்று.

ஆங்கிலத்தில் எழுதிப் பதின்மூன்று பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். அழகுமுத்து தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், கொட்டாஞ்சேனையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்குகிறவன். தமிழ் மட்டும்தான் வாசிப்பான். அவனுக்கென்று தனியாக, தெளிவாக, உருண்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

'மருதானை: ஐந்து பேர் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு பேர் முதலில் உள்ளே ஓடி அவர்களைத் தங்கள் பக்கம் இழுக்க வேண்டும். அழகு கடைசியில் நிற்பான். ஏழு எண்ணுவதற்குள் எறிய வேண்டும். தவறினால் உடனே தெமட்டகொடை.'

இப்போது அந்த வரிகளை மனத்துக்குள் வாசித்தாள். மருதானையும் தெமட்டகொடையும் ரயில் நிற்கிற இடங்கள்; பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடிக்கிற வருஷம் அது. யாழ்ப்பாணப் பாதை மூடி இரண்டு வருஷமாகிவிட்டது. கொழும்புக்கு வந்த பதினொரு வருஷத்தில் அவள் தமிழில் எழுதிய ஒரு துண்டைக்கூடக் கைப்பையில் வைத்து வெளியே இறங்கியதில்லை. அம்மாவின் கடிதம் வீட்டு அலுமாரியில். கோயில் விபூதி மடித்த தாளைக்கூட, அதில் தமிழில் நாட்காட்டி அச்சடித்திருந்தால், கசக்கி எறிந்துவிட்டு வேறு தாளில் மடிப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பல் தீட்டுவதுபோல ஒரு பழக்கம். அவளுடைய ஆங்கிலத் தாளும் வீட்டில்தான் கிடந்தது.

அழகுமுத்துவிடம் மட்டும், "பயணத்துக்கு முதல் பாடமாக்கிப் போடு, பஸ்ஸிலை சும்மா இருக்கிற நேரம் எடுத்துப் பார்," என்று சொல்லியிருந்தாள்.

அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த அந்தப் பழக்கம் அவனுக்காக ஒரு கணம்கூட விழிக்கவில்லை.

றேமண்டுக்குப் போன் எடுத்தாள். கொட்டாஞ்சேனைக்காரன், மூன்று மொழியையும் ஒரே வேகத்தில் கதைப்பான். அடையாள அட்டையில் போர்த்துக்கேயக் குடும்பப் பெயர் இருந்ததால் எந்தச் செக்பொயின்டிலும் அவனுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் போகாது.

"கேள்விப்பட்டிட்டன்," என்றான். "பிரிஸ்பிச் சங்கத்துக் கடிதம் எடுத்துக்கொண்டு நான் போறன். நீ வராதை."

"எழுதினது நான், றேமண்ட்."

"அதாலைதான் சொல்லுறன், வராதை எண்டு."

"ஆட்டத்தை விளங்கப்படுத்த நான் வேணும். உனக்குத் தமிழ் வாசிக்க வராது, அந்தத் தாள் விளங்காது."

"எனக்கு விளங்காம இருக்கிறது நல்லது, ஜெகா."

அவள் போனாள். பொலிஸ் நிலைய வாசலில் றேமண்ட் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுடன் நின்றான். கையில் கடித உறை. அவளைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டினான். "உள்ளுக்கை நான் கதைப்பன். நீ கேட்டதுக்கு மட்டும் சொல்லு. பிறகு வெளியாலை வந்து என்னை எவ்வளவு வேணுமெண்டாலும் ஏசு."

இன்ஸ்பெக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி போட்ட, அலுத்துப்போன மனிதர். சத்தம் போடவில்லை. "வாடி வெண்ட நங்கி," உட்காரு தங்கச்சி என்று சிங்களத்தில் சொல்லிக் கதிரையைக் காட்டினார். மேசையில் அழகுமுத்துவின் தட்டு கிடந்தது. வெள்ளைத் தட்டு. அதன் நடுவில் ஒன்றும் விளிம்பில் இரண்டுமாக மூன்று ஓட்டை போட்டிருந்தார்கள்.

"உள்ளுக்குள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தோம்," என்றார் சிங்களத்தில். "ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக்."

"ஓம் சேர், பிளாஸ்டிக்தான்," என்று றேமண்டும் சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கடிதத்தை விரித்து வைத்தான். சங்கத்தின் முத்திரை, பயணத் திகதி, பதினாலு பெயர், பதினாலு அடையாள அட்டை இலக்கம். இன்ஸ்பெக்டர் மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளி வைத்தார்.

"இந்த விளையாட்டுக்கு மத்தியஸ்தர் யார்?"

"மத்தியஸ்தர் இல்லை, சேர். பிழை விட்டவரே சொல்லுவார்," என்றான் றேமண்ட்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்ற சார்ஜன்டைப் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்த சார்ஜன்ட் அவர். தாளை மொழிபெயர்த்ததும் அவர்தான். "பிழை விட்டவரே சொல்லுவாராம், சேர்," என்றார் சார்ஜன்ட். "அந்த ஊரில் நமக்கு வேலை கிடைக்காது." இருவரும் சிரித்தார்கள். றேமண்டும் சிரித்து வைத்தான்.

"சரி," என்று இன்ஸ்பெக்டர் இழுப்பறையிலிருந்து இரண்டு தாளை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று அவளுடையது, நாலாக மடித்த தடத்துடன். மற்றது கோழி கிளறியது. "இதைத் தான்தான் எழுதினேன் என்கிறான். எழுதிக் காட்டு என்றேன். இப்படி எழுதுகிறான். பொய்யும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அவனைத் தேடி வருகிற எல்லோரையும் எழுதச் சொல்லுகிறேன். அக்காக்காரியையும் சொன்னேன். அவளுக்குக் கையெழுத்துப் போடவே வராது." வெற்றுத் தாளையும் பேனாவையும் ஜெகதீஸ்வரியின் பக்கம் நகர்த்தினார். "நீங்களும் எழுதுங்கள். மருதானை, ஐந்து பேர், ஏழு."

"சேர், இவ விளையாட்டை விளங்கப்படுத்த வந்தவ," என்றான் றேமண்ட்.

"எழுதிவிட்டு விளங்கப்படுத்தட்டும்."

அவளுக்கு ஐந்து விதமாக எழுத வரும். அதற்குத்தான் சம்பளம். பேனாவைப் பிடித்ததும் கை தானாகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. மரண அறிவித்தலுக்கு எழுதுகிற எழுத்து. ஒல்லியாக, வலப்பக்கம் சாய்ந்து, சுழி இல்லாமல். மருதானை. ஐந்து பேர். ஏழு. எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். இதைச் செய்வேன் என்று அவள் தீர்மானிக்கவில்லை. செய்து முடிந்திருந்தது.

சார்ஜன்ட் குனிந்து இரண்டையும் ஒப்பிட்டார். "இது இல்லை, சேர்."

றேமண்ட் மூச்சை விட்டது அவளுக்குக் கேட்டது.

"அவனைக் கொண்டு வா," என்றார் இன்ஸ்பெக்டர்.

அழகுமுத்துவைக் கொண்டுவந்தார்கள். நேற்றுப் பயிற்சிக்குப் போட்ட அதே ஜேர்சி. முன்னால் ஒன்பதாம் இலக்கம், முதுகில் நாட்டின் பெயர். காலில் செருப்பு இல்லை. இடது கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. அவளைக் கண்டதும் முகத்தில் வந்தது சந்தோஷமில்லை, எரிச்சல். வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியும் வந்துவிட்டாளே என்ற எரிச்சல்.

இன்ஸ்பெக்டர் அவள் இப்போது எழுதிய தாளைத் தூக்கிக் காட்டினார். சார்ஜன்ட் தமிழில் கேட்டார். "இது இந்த நங்கியிட எழுத்து. உன்ட பையில இருந்ததும் இவங்க எழுதினதா?"

அழகுமுத்து ஒற்றைக் கண்ணால் தாளைப் பார்த்தான். இரண்டு மாதமாக அவள் எழுத்தைத்தான் அவன் பாடமாக்கிக்கொண்டிருந்தான். இது அவள் எழுத்தில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்தது. அவன் கண் தாளிலிருந்து அவள் முகத்துக்கு வந்தது. ஒரு கணம்தான்.

"இல்லீங்க சேர்," என்றான். "அந்த அக்காவுக்குத் தமிழே சரியா எழுத வராது. எப்பவும் இங்கிலீஷ்தான்."

அவளுக்கு, அணிக்கு ஆள் தெரிவு செய்த மாசி மாத ஆட்டம் நினைவுக்கு வந்தது. அன்றைக்குக் கடைசிப் புள்ளியை அவள்தான் பாய்ந்து பிடித்தாள். எல்லோரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். எதிரணியில் ஒருவரும் எதையும் காணவில்லை. அழகுமுத்து மட்டும், அவளுடைய சொந்தப் பக்கத்து ஆள், நின்ற இடத்திலேயே நின்று, "அக்கா, காலு கோட்டுல பட்டிருச்சு," என்றான்.

"நீ எந்தப் பக்கமடா விளையாடுறாய்?"

"ஒங்க பக்கந்தான். ஆனா பட்டிருச்சுங்களே."

தோற்றார்கள். மூன்று நாள் அவள் அவனோடு கதைக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவன் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி அவள் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த வாய்தான் இப்போது, ஒரு தடங்கலும் இல்லாமல், தமிழே எழுத வராது என்றது.

இன்ஸ்பெக்டர் கோப்பைத் திறந்து, சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளை உருவி, கையெழுத்திடப் பேனாவின் மூடியைக் கழற்றினார். அவள் இருந்த இடத்திலிருந்து தாள் தலைகீழாகத் தெரிந்தது. மேலே அழகுமுத்துவின் பெயர். கீழே நீலச் சீல். இப்படி ஒரு தடுப்புக்காவல் தாளோடு உள்ளே போனவர்களில் அவள் ஒழுங்கையில் மட்டும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் போய் ஒன்றரை வருஷம்.

இப்போதே சொல்ல வேண்டும். தட்டு நகர்ந்துவிட்டால் செல்லாது.

"சேர், இன்னொரு தாள் தாங்கோ," என்றாள்.

மேசைக்குக் கீழே றேமண்டின் சப்பாத்து அவள் காலை அழுத்தியது. நன்றாகவே அழுத்தியது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். தாள் வரும்வரை காத்திருக்கவில்லை. தான் எழுதியதையே எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினாள். மருதானை. ஐந்து பேர். ஏழு எண்ணுவதற்குள் எறிய வேண்டும். கொம்பும் சுழியும் ஒன்றுக்கொன்று இடிக்காமல். எழுதிக்கொண்டே சிங்களத்தில் சொன்னாள், "தாளை எழுதினது நான். இவருக்கு வாசிக்க மட்டும்தான் குடுத்தனான். முதலில் எழுதிக் காட்டினது பொய்."

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். இரண்டு தாளையும் இன்ஸ்பெக்டரின் பக்கம் நகர்த்தினார்.

"என்னக்கா செஞ்சிட்டீங்க," என்றான் அழகுமுத்து.

அவன் குரலில் நன்றி இல்லை. உழைத்துக் கட்டிய ஒன்றை யாரோ மிதித்துவிட்டார்கள் என்ற குரல். அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவன் அவளைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த தட்டச்சுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது என்ன தாள் என்பதைச் சார்ஜன்ட் அவனுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கோபப்பட்டவர்போல இல்லை. தேநீரில் ஈ விழுந்ததைப் பார்ப்பவர்போல இருந்தார்.

"நங்கி, இது என்ன தெரியுமா?" தாளை அவள் பக்கம் திருப்பினார். "விடுதலைக் கடிதம். காலையிலேயே அடித்து வைத்தாயிற்று. எங்கேயோ கிடைத்த விளையாட்டுத் தாளோடு வந்த ஒரு முட்டாள். அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் சங்கத்துக் கடிதமும் வந்துவிட்டது. நாலு மணிக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்."

அவளுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது. விடுதலை. காலையிலேயே. நாலு மணி. அவள் றேமண்டைப் பார்த்தாள். றேமண்ட் ஓட்டை போட்ட தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப விடுங்கோவன், சேர்," என்றாள். "எழுதினது நான் எண்டு சொல்லிப் போட்டன்தானே. இது விளையாட்டு. வேணுமெண்டால் வெளியிலை வந்து எறிஞ்சு காட்டுறன்."

"விளையாட்டென்று எனக்கும் தெரியும்." அவர் விடுதலைக் கடிதத்தை நடுவில் மடித்தார். இன்னொரு முறை மடித்தார். "ஒரு ஆள் பொய் சொன்னால் முட்டாள் என்று எழுதலாம். இங்கே எழுதினது ஒரு ஆள், கொண்டுபோனது இன்னொரு ஆள். இருவரும் ஒருவருக்காக ஒருவர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். இந்தச் சார்ஜன்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு மருதானையில் ஏதாவது நடந்தால், என் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?"

மடித்த கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டார்.

"எத்தனை பேரிடம் இந்தத் தாள் இருக்கிறது?"

பத்து மாதத்தில் முதல் முறையாக, எதை எப்போது சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மேசையின் ஓரத்தில் சங்கத்தின் கடிதம் விரித்தபடியே கிடந்தது. மேலே முத்திரை. கீழே, ஒன்றின் கீழ் ஒன்றாக, அகர வரிசையில், அடையாள அட்டை இலக்கத்தோடு எல்லோருடைய பெயரும். இன்ஸ்பெக்டரின் கண்ணும் அப்போதுதான் அங்கே போனது.

அவர் கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து முதல் பெயருக்குக் கீழே வைத்தார்.

"பதினாலு," என்றான் றேமண்ட், மெல்ல. பொய் சொல்வதற்கு இடமே இல்லாத எண்ணிக்கை. தன் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினான்.

"இவர்கள் எல்லோருக்கும் மருதானை தெரியும்."

"தெரியும், சேர்."

"தெமட்டகொடையும்."

"ஓம், சேர்."

அழகுமுத்து சுவரோடு சாய்ந்து நின்றான். யாரும் சொல்லாமலே ஜேர்சியைத் தலைக்கு மேலால் கழற்றி, உள்பக்கம் வெளியே வருமாறு மடித்து, மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். முதுகில் நீளமாக ஒரு சிவந்த தடம் இருந்தது. ஜெகதீஸ்வரி அதைப் பார்த்தாள். பார்த்ததை அவன் கண்டான்.

"விடுங்கக்கா," என்றான். "ஆட்டம் முடிஞ்சிருச்சு."

மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைதான் இருந்தது. இரண்டிலும் ஆள் இருந்தது. இன்ஸ்பெக்டர் அடிமட்டத்தை ஒரு வரி கீழே நகர்த்தி, தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"வெளியில் எத்தனை கதிரை இருக்கிறது?" என்று சார்ஜன்டைக் கேட்டார்.

சார்ஜன்ட் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்து எண்ணினார்.

"எட்டு, சேர்."

"போதாது," என்றார் இன்ஸ்பெக்டர்.